ஸ்டேஷன் வாசலில் நின்றவர்கள்

பொழுது சாய்ந்த பிறகு பெண்ணைக் கைது செய்யக் கூடாது என்று நம் குழுக் கூட்டங்களில் சொல்கிறோம். இந்த மாதிரி விதிகளை யாரும் மனசிரங்கித் தூக்கிக் கொடுத்துவிடவில்லை. ஒரு ஆதிவாசிப் பெண்ணின் தோற்றுப்போன வழக்கிலிருந்து கிளம்பியது இந்தக் கதை.

1972 மார்ச் 26, மகாராஷ்டிராவில் தேசாய்கஞ்ச். தாய் தகப்பன் இல்லாமல் கூலி வேலை செய்த பொண்ணு. வயசு 14-லிருந்து 16-க்குள். குடும்பத் தகராறில் கூடப்பிறந்தவன் கொடுத்த புகாருக்காக எல்லாரையும் ராத்திரி ஸ்டேஷனுக்கு வரவழைத்தார்கள். விசாரணை முடிந்ததும் மற்றவர்களைப் போகச் சொல்லி, அவளை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள். கதவு சாத்தப்பட்டது, விளக்கு அணைந்தது. உள்ளே இரண்டு போலீஸ்காரர்கள்.

சொந்தக்காரங்க வீட்டுக்குப் போகவில்லை, வாசலிலேயே நின்றார்கள். நடந்தது தெரிந்ததும் ஊர் கூடிவிட்டது. ஸ்டேஷனைக் கொளுத்திடுவோம் என்று மிரட்டும் அளவுக்குப் போனது. அதற்குப் பிறகுதான் புகார் எழுதினார்கள். கொளுத்துவது சரியில்லைதான். ஆனா அந்தக் கூட்டம் கலைந்து போயிருந்தா வழக்கே இருந்திருக்காது என்று நினைக்கிறேன்.

கீழ்க்கோர்ட்டு இருவரையும் விட்டுவிட்டது. 1976-ல் நாக்பூர் உயர்நீதிமன்றக் கிளை தண்டித்தது. 1978-ல் உச்ச நீதிமன்றம் மறுபடி விடுதலை செய்தது. உடம்பில் காயம் இல்லை, எதிர்க்கவில்லை, அதனால் சம்மதம்தான் என்றது தீர்ப்பு. ராத்திரி நேரம், போலீஸ் ஸ்டேஷன், ஏழைப் பொண்ணு. யாரைக் கூப்பிட்டுக் கத்துவா?

மறுவருஷம் லோத்திகா சர்க்கார், வசுதா தாகம்வார், உபேந்திர பக்ஷி, ரகுநாத் கேல்கர் என்ற நான்கு சட்ட ஆசிரியர்கள் தலைமை நீதிபதிக்குத் திறந்த கடிதம் எழுதினார்கள். பயந்து பணிவதும் சம்மதமும் ஒண்ணா என்று கேட்டார்கள். 1980 மகளிர் தினத்தில் பெண்கள் தெருவில் இறங்கினார்கள். தீர்ப்பு மாறலை, 1983-ல் சட்டம்தான் மாறிச்சு. போலீஸ்காரர் உறவு கொண்டது நிரூபணமாகி, நான் சம்மதிக்கலைன்னு அந்தப் பெண் சொன்னா, கோர்ட்டு அதையே உண்மையென்று கொண்டு தொடங்க வேண்டும். பாதிக்கப்பட்டவள் பெயரை அச்சிடுவதும் அப்போதுதான் குற்றமானது. இங்கே அவள் பெயர் இல்லாததும் அதனால்தான்.

அதே 1983-ல் இன்னொரு வழக்கு. பத்திரிகையாளர் ஷீலா பார்சே பம்பாய்ச் சிறையில் 15 பெண்களிடம் பேசினார். லாக்கப்பில் போலீஸ் அடித்ததாக ஐந்து பேர் சொன்னார்கள். அதை அவர் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். பெண்களுக்குத் தனி லாக்கப், காவலுக்குப் பெண் போலீஸ், பெண் போலீஸ் முன்னால்தான் விசாரணை, கைதானதும் சொந்தக்காரருக்குத் தகவல் என்று உத்தரவு வந்தது. மாலை மங்கினால் கைது கூடாது என்ற விதி 2005 திருத்தத்தில்தான் சட்டத்தில் ஏறியது. தவிர்க்க முடியாத நிலைமை என்றால்கூட மாஜிஸ்திரேட்டின் அனுமதியோடு பெண் அதிகாரிதான் வர வேண்டும்.

காவலில் இருக்கும் பெண்ணுக்கு, பழங்குடி, தாழ்த்தப்பட்டோர் யாருக்கும், வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவிக்கு போன் எண் 15100.