பெயர்ப்பலகையில் ஒரு பெண்ணின் பெயர்

எங்கள் உடன்குடிப் பக்கத்தில் பனையேறுவது ஆடவர் தொழில். பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டியாக்குவது பெண்டிர் தொழில். அடுப்பருகே நின்று பாகின் பதம் அறிந்து இறக்குபவர் அவர்களே. அந்தக் கருப்பட்டியோடு சுக்கும் மிளகும் தட்டிப் போட்டு, வீட்டாரின் சளிக்கும் இருமலுக்கும் கஷாயம் வைப்பவரும் அவர்களே. இவ்வாறு மருந்தறிவு பெண்களிடம் தொன்றுதொட்டு இருந்தும், மருந்துக் கடையின் பெயர்ப்பலகையில் பெண்ணின் பெயர் ஏற நெடுங்காலம் ஆயிற்று. அப்படிப் பெயர் ஏறிய ஒருவரைப் பற்றிச் சொல்ல விரும்புகிறேன். அவர் அமெரிக்காவில் வாழ்ந்த கறுப்பினப் பெண்மணியான அன்னா லூயிஸ் ஜேம்ஸ் அம்மையார்.

நம் புதுக்கோட்டையில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பிறந்த 1886-ஆம் ஆண்டிலேயே, கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்போர்டு நகரில் அன்னா பிறந்தார். அவருடைய தந்தை வர்ஜீனியாவில் அடிமையாயிருந்து தப்பி வந்தவர். அந்த அடிமையின் மகள் 1908-இல் புரூக்ளின் மருந்தியல் கல்லூரியில் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் தேர்ச்சியடைந்த முதல் கறுப்பினப் பெண் அவரே.

அந்நாளில் நம் நாட்டின் நிலை என்ன? மருந்து கலந்து கொடுப்பவர் கம்பவுண்டர் எனப்பட்டார். வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1903-இல் கம்பவுண்டர் பயிற்சியைத் தொடங்கியிருந்தார். மருந்தியல் சர்வகலாசாலைப் பாடமானதோ 1932-இல், காசி இந்து சர்வகலாசாலையில், பேராசிரியர் மகாதேவ லால் ஷ்ராபின் முயற்சியால்தான். இத்தொழிலை ஒழுங்கு செய்யும் சட்டம் 1948-இல் பிறந்தது.

அன்னா சில காலம் ஹார்ட்போர்டில் கடை நடத்தினார். பின்னர் 1911-இல் ஓல்டு சேபுரூக் என்னும் கடலோரச் சிற்றூரில், தம் சகோதரியின் கணவரது மருந்துக் கடையில் சேர்ந்தார். 1917-இல் அக்கடையின் முழுப் பொறுப்பும் அவர் கைக்கு வந்தது. நாளடைவில் கடையே 'ஜேம்ஸ் மருந்துக் கடை' என்று பெயர் பெற்றது. அங்கே மருந்தோடு சோடாவும் ஐஸ்கிரீமும் விற்றதனால் சிறுவர் கூட்டத்துக்கும் குறைவில்லை.

மருந்து ஆலைகள் பெருகுமுன் இத்தொழில் எத்தகையது என்பதை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். வைத்தியர் எழுதிய சீட்டைப் படித்து, தூளைத் தராசில் நிறுத்து, கல்வத்தில் அரைத்து, மாத்திரை உருட்டிக் கொடுக்கவேண்டும். அளவு தவறினால் மருந்தே நஞ்சாகும். ஆகவே மருந்தாளரிடம் செல்பவன் தன் உயிரையே அவர் கையில் ஒப்படைக்கிறான். வெள்ளையரே மிகுதியாக வாழ்ந்த அவ்வூர், அரை நூற்றாண்டுக்கு மேல் தன் உயிரை ஒரு கறுப்பினப் பெண்ணின் கையில் ஒப்படைத்தது.

அவர் மணம் செய்துகொள்ளவில்லை; தம் உழைப்பில் தாமே வாழ்ந்தார். ஊரார் அவரை 'மிஸ் ஜேம்ஸ்' என்றே அழைத்தனர். கறுப்பினத்தாரை மரியாதைச் சொல்லின்றி வெறும் பெயரிட்டுக் கூப்பிடுவது பலவிடங்களில் வழக்கமாயிருந்த காலம் அது. 1920-இல் அமெரிக்கப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தபோது, தம் ஊரில் முதன்முதலாகப் பெயர் பதிந்த பெண்களுள் அவரும் ஒருவர்.

அவருடைய சகோதரி மகள் ஆன் பெட்ரியும் 1931-இல் மருந்தியல் பட்டம் பெற்றுக் குடும்பக் கடையில் பணி செய்தார். பிறகு எழுத்துலகம் புகுந்தார். 1946-இல் அவர் வெளியிட்ட 'தெரு' என்னும் நாவல் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஒருத்தி ஊன்றி நின்ற இடம் அடுத்தவளுக்கு ஏணியாயிற்று.

அன்னா 1967-இல், தமது எண்பத்தோராம் வயதில், கடையிலிருந்து ஓய்வு பெற்றார், 1977-இல் மறைந்தார். அக்கட்டிடம் 1994-இல் அமெரிக்காவின் தேசிய வரலாற்றிடப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

பல்லாண்டு பள்ளியில் சரித்திரம் கற்பித்தவன் என்ற முறையில் ஒன்று கூறுவேன். போரில் வென்றோரையும் சட்டசபையில் முழங்கியோரையும் நாடு தானே நினைவில் கொள்ளும். ஐம்பத்தாறு ஆண்டுகள் நாள்தோறும் கடை திறந்து, அளவு பிசகாமல் மருந்து கொடுத்தவரை நாம்தான் நினைவில் வைக்கவேண்டும். பெண்ணுக்குச் சுதந்திரம் வேண்டுமென்று மேடையில் பேசுவதும் நன்றே. ஆனால் அவள் கையில் கற்றுத் தேர்ந்த ஒரு தொழில் இருக்குமானால், அச்சுதந்திரத்தை யாரிடமும் இரந்து பெறவேண்டியதில்லை. நம் பெண்மக்களைப் படிக்க வைக்கும் பெற்றோர் இதனை மனத்திற் கொள்வார்களாக.