காணிப் பெயர்களில் இருக்கும் இராசதானி

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தியிலிருந்து தென்கிழக்காக நடந்தால் அரை மணி நேரத்தில் ஒரு பழைய தலைநகருக்குள் கால் வைத்துவிடலாம். 1619இல் போர்த்துக்கேயரிடம் வீழும்வரை யாழ்ப்பாண இராச்சியத்தின் இராசதானியாக இருந்தது நல்லூர். வெளியூரிலிருந்து வருவோரை இங்கே கூட்டி வருகிறவர்கள் வழக்கமாக ஒரே வரிசையில்தான் காட்டுகிறார்கள்: கந்தசுவாமி கோயில், முத்திரைச் சந்தியில் சங்கிலியன் சிலை, பருத்தித்துறை வீதியோரத்துச் சங்கிலித்தோப்பு வளைவு, மந்திரிமனை, கடைசியில் யமுனா ஏரி. ஒவ்வொன்றின் முன்னும் படம் எடுத்து, எல்லாமே மன்னன் காலத்தவை என்று கேட்டுக்கொண்டு வந்தவர்கள் திரும்புகிறார்கள். உண்மையில் இவற்றுள் பெரும்பாலானவை மன்னன் காலத்தவை அல்ல. ஆனாலும் இராசதானி அங்கே இருக்கிறது. கோயில்கள் அமைந்த இடங்கள், எழுத்துப் பதிவுகள், காணிகளின் பெயர்கள் என்ற மூன்றிலும் அதன் தடயம் கட்டடங்களில் இருப்பதைவிட உறுதியாகப் பதிந்திருக்கிறது. நல்லூரை நடந்து காட்டுவதானால் இந்த மூன்றையும் கொண்டே காட்டவேண்டும்.

முதலில் கட்டடங்களைப் பார்ப்போம். இன்றைய கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் ஆட்சியில், 1734இல், இரகுநாத மாப்பாண முதலியார் குருக்கள் வளவு என்னும் காணியில் தொடங்கிய ஆலயத்தின் வளர்ச்சி. மன்னர் காலத்துக் கோயில் இருந்த இடம், ஆய்வாளர் பலர் கருதுவதுபோல, முத்திரைச் சந்தியில் இன்று புனித யாக்கோபு தேவாலயம் நிற்கும் பகுதி. சந்தியில் குதிரைமேல் வாளோடிருக்கும் சங்கிலியன் நம் காலத்துச் சிலை. சங்கிலித்தோப்பு வளைவை அருகில் நின்று பார்த்தால், அதன் வளைந்த முகப்பும் சுதை வேலைப்பாடும் ஒல்லாந்தர் காலக் கட்டடங்களையே நினைவூட்டும். மந்திரிமனையின் தூண்களிலும் மாடி அமைப்பிலும் சுதேச வேலைப்பாட்டோடு ஐரோப்பியர் காலத்துக் கை கலந்திருப்பது வெளிப்படை. இந்த வரிசையில் ஓரளவு துணிந்து மன்னர் காலத்தோடு சேர்க்கக்கூடியது, 'ப' எழுத்தின் வடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரி ஒன்றுதான். இடித்தால் கட்டடம் போய்விடும். குளம் தூர்ந்தாலும் பள்ளம் இருக்கும்.

தலைநகரின் கட்டடங்கள் இப்படித் துடைத்தெடுக்கப்பட்டதற்குக் காரணம் உண்டு. 1560இல் கோவாவின் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதி கொன்ஸ்தந்தீனு த பிராகன்சா நல்லூரைப் பிடித்தும் நிலைக்க முடியாமல் பின்வாங்கினார். 1591இல் போர்த்துக்கேயத் தளபதி அந்திரே புர்த்தாடோ படையெடுத்து, மன்னனைக் கொன்று, எதிர்மன்னசிங்கனை அரியணையில் ஏற்றினார். 1619இல் பிலிப் த ஒலிவேரா இறுதியாக வென்றார். கடைசி மன்னன் சங்கிலி குமாரன் கோவாவுக்குக் கொண்டுபோகப்பட்டு அங்கே கொல்லப்பட்டான். அடுத்த ஆண்டுகளில் எழுந்த கிளர்ச்சிகளின்போது போர்த்துக்கேயர் நல்லூர்க் கோயிலின் மதில்களையே அரணாகக் கொண்டார்கள். பின்னர் 1621இல் அக்கோயிலை இடித்தார்கள். ஆட்சிப்பீடம் அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தள்ளி, கடலோரத்துக் கோட்டைக்குப் போனது. பெரு நாட்டில் நடந்தது வேறு. 1535இல் லிமா நகரை நிறுவிய ஸ்பானியத் தளபதி பிசாரோ, அங்கிருந்த தலைவன் தௌலிச்சுஸ்கோவின் இருப்பிடத்திலேயே தன் மாளிகையை அமைத்தான். இன்றைய அரசு மாளிகையும் அதே இடத்தில்தான். அங்கே பழைய தலைமையிடத்தின்மேல் புதியது ஏறி உட்கார்ந்தது. நல்லூரிலோ அதிகாரம் இடம்பெயர்ந்துவிட்டதால், அரண்மனை நிலம் தோட்டமாகவும் வளவாகவும் பிரிந்துபோனது. கட்டடம் அழிந்தது, அதன்மேல் இன்னொரு தலைநகர் எழவில்லை.

அதனால்தான் இடங்கள் நமக்குப் பேசுகின்றன. 1736இல் ஒல்லாந்த அதிகாரி ஒருவரின் வேண்டுகோளுக்கிணங்க மயில்வாகனப் புலவர் எழுதிய 'யாழ்ப்பாண வைபவமாலை', தலைநகரின் நான்கு திசைக் காவலாக நான்கு கோயில்களைச் சொல்கிறது: கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயப் பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன், வடக்கே சட்டநாதர். இந்த நான்கு கோயில்களும் இன்றும் உள்ளன. திருநெல்வேலிப் பக்கமிருந்து வருகிறவர் முதலில் சட்டநாதரைத் தேடிப்போய், அங்கிருந்து மற்ற மூன்றையும் சுற்றி நடந்தால், நகரின் எல்லை காலுக்குப் புலப்படும். மந்திரிமனை, சங்கிலித்தோப்பு, யமுனா ஏரி மூன்றும் அந்த எல்லைக்குள் நெருக்கமாகக் கிடப்பதும் அப்போது விளங்கும்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். வைபவமாலை இராச்சியம் விழுந்து நூறாண்டுக்கு மேல் கழித்து எழுதப்பட்டது. அதை எப்படி நம்புவது? புவனேகவாகு நல்லூரைக் கட்டியது சகாப்தம் 870இல், அதாவது கி.பி. 948இல் என்று அது சொல்கிறது. கோட்டை இராச்சியத்தின் மன்னன் ஆறாம் பராக்கிரமபாகுவின் படைத்தலைவன் செண்பகப் பெருமாள் யாழ்ப்பாணத்தை வென்றதோ 1450இல். பின்னர் ஆறாம் புவனேகபாகு என்ற பெயரில் கோட்டையில் முடிசூடியவன் அவன்தான். நூல் சொல்லும் ஆண்டு ஐந்நூறு ஆண்டு பிழைக்கிறது என்பதை ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். முதலியார் இராசநாயகமும் சுவாமி ஞானப்பிரகாசரும் இந்நூலை வரிக்கு வரி சோதித்ததும் இதனால்தான். ஆனால் ஆண்டில் தவறும் நூல் இடத்திலும் தவறவேண்டும் என்பதில்லை. கேள்விப்பட்ட பழங்கதையின் காலத்தைப் புலவர் பிழையாகக் கணக்கிடலாம். தன் காலத்து மக்கள் நாளும் நடந்துபோன கோயில்களின் திசையைப் பிழையாகச் சொன்னால் உடனே பிடிபட்டிருப்பார். புவனேகபாகுவின் தொடர்புக்கும் நூலுக்கு வெளியே சாட்சி உண்டு: நல்லூர்த் திருவிழாவில் கட்டியம் கூறுவோர் அவன் பெயரை இன்றும் சொல்கிறார்கள். சிங்கள அரசன் ஒருவனின் பெயரைப் பெருமைக்காகப் பின்னாளில் யாரும் புகுத்தியிருப்பார்கள் என்று நினைக்க இடமில்லை.

மூன்றாவது சாட்சி காணிப் பெயர். யாழ்ப்பாணத்தில் எந்தக் காணி உறுதியை எடுத்துப் பார்த்தாலும் முதலில் ஊர், அடுத்து காணியின் பெயர், பிறகு பரப்புக் கணக்கு, கடைசியில் கிழக்கு வடக்கு மேற்கு தெற்கு என்று நாலு எல்லை. உடைமை கைமாறினாலும் பெயர் மாறுவதில்லை. ஒல்லாந்தர் வரி அறவிடுவதற்காக எழுதிய தோம்புகள் என்னும் காணிப் பதிவேடுகளும் இந்தப் பெயர்களைப் பிடித்து வைத்தன. நல்லூர்ப் பகுதியில் சங்கிலித்தோப்பு, பண்டாரக்குளம் முதலிய பெயர்கள் அரண்மனையின் சுற்றாடலைக் காட்டுகின்றன. தோப்பு மன்னனுடையது என்பதே வளைவு சொல்லும் உண்மைச் செய்தி. வளைவு பிந்தியதாக இருந்தாலும் அது நிற்கும் நிலத்தின் பெயர் முந்தியது. இதற்கும் ஒரு தடை சொல்லலாம்: பெயர்களும் பின்னாளில் ஆசையால் வைக்கப்பட்டவையாக இருக்கலாமே? தனியாக நிற்கும் ஒரு பெயர் எதையும் நிறுவாது என்பது சரியே. கோயிலின் திசை, தோம்பின் பதிவு, போர்த்துக்கேயர் எழுதிவைத்த செய்தி ஆகியவற்றோடு அது ஒத்துப்போகும்போதுதான் சான்றாகிறது. ஒத்துப்போகாத இடத்தில் 'இது ஐதீகம்' என்று சொல்லிவிட்டு நடப்பதே நேர்மை.

இன்னொரு குரல் பலமாகக் கேட்கிறது. வளைவு மன்னனுடையது அல்ல என்று சொன்னால், இருக்கும் கொஞ்ச அக்கறையும் போய்விடாதா? யார் அதைப் பாதுகாப்பார்கள்? இந்த அச்சத்துக்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டம் 1815க்கு முற்பட்ட கட்டடங்களைப் பழைய நினைவுச்சின்னமாகக் கொள்கிறது. பிந்தியவற்றையும் பிரகடனம் செய்ய இடம் தருகிறது. ஆகவே வளைவையும் மந்திரிமனையையும் காக்க ஒரு மன்னனின் கையெழுத்துத் தேவையில்லை. மிகைப்படுத்திச் சொன்ன வரலாறுதான் ஆபத்து. வந்தவர் ஒருவர் முகப்பைப் பார்த்து இது ஐரோப்பிய வேலை என்று கண்டுகொண்டால், நாம் சொன்ன மற்ற எல்லாவற்றையும், உண்மையானவற்றையும் சேர்த்து, சந்தேகிப்பார். சங்கிலியனுக்கு நாம் செய்யக்கூடிய மரியாதை, அவன் ஆண்ட இடத்தைச் சரியாகக் காட்டுவது.

இந்த வேலைக்கு ஆட்கள் தொலைவில் இல்லை. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் திருநெல்வேலியில் தொடங்கிய பரமேஸ்வராக் கல்லூரியின் வளவில்தான் 1974இல் பல்கலைக்கழக வளாகம் உருவானது. வரலாறும் தொல்லியலும் அங்கே படிப்பிக்கப்படுகின்றன. அங்கிருந்து மாணவர் வழிகாட்டிகளாக நடந்துவரவும், நான்கு கோயில்களிலும் 'இது உறுதி, இது ஐதீகம்' என்று பிரித்துச் சொல்லும் பலகைகள் வைக்கவும் பெருஞ்செலவு ஆகாது. ஆனால் மூன்றாவது சாட்சி அவர்கள் கையில் இல்லை. அது நல்லூர், திருநெல்வேலி, கொக்குவில் வீடுகளின் அலுமாரிகளில் இருக்கிறது. போரிலும் இடப்பெயர்விலும் எத்தனையோ உறுதிகள் அழிந்துவிட்டன. எஞ்சிய பழைய உறுதி உங்கள் வீட்டில் இருந்தால், காணியை விற்கும்போதோ பிரிக்கும்போதோ அதைத் தூக்கி எறியாதீர்கள். காணியின் பெயரையும் நாலு எல்லையையும் படியெடுத்துப் பல்கலைக்கழக நூலகத்தில் கொடுத்துவிடுங்கள்.