டகோட்டா: தேய்மானக் கணக்கில் அடங்காத விமானம்

வகுப்பில் தேய்மானத்தை விளக்கும்போதெல்லாம் டகோட்டாவைத்தான் எடுத்துக்காட்டுவேன். கணக்கேட்டில் மதிப்பிழந்த பின்பும் பறந்த விமானம் அது.

1935இல் முதலில் பறந்த இந்த இரட்டை எஞ்சின் டிசி-3, அஞ்சல் மானியத்தை நம்பாமல் பயணிகள் கட்டணத்திலேயே லாபம் தரும் விமானம் எனப் பெயரெடுத்தது. போருக்காகப் பத்தாயிரத்துக்கும் மேல் தயாரான அதன் ராணுவ வடிவமே டகோட்டா. போருக்குப் பின் உபரியாக மலிந்த அவற்றைக் கொண்டே இந்தியாவில் பல விமான நிறுவனங்கள் முளைத்தன. 1947 அக்டோபர் 27 அன்று சீக்கிய ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியனை ஸ்ரீநகரில் இறக்கியவையும் டகோட்டாக்களே.

அயர்லாந்தில் பழைய உலோகமாகக் கிடந்த ஒன்றை வாங்கி, பிரிட்டனில் புதுப்பித்து விமானப்படைக்கு அன்பளித்தவர் அப்போது நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ராஜீவ் சந்திரசேகர். அவருடைய தந்தை டகோட்டா விமானி. ‘பரசுராமா’ என்னும் பெயருடன் அது 2018 மே 4 அன்று ஹிண்டன் தளத்தில் சேர்க்கப்பட்டது. ஸ்ரீநகர் சென்ற விமானத்தின் எண்ணான விபி 905 இதற்குச் சூட்டப்பட்டது. விமானம் வேறு, எண் மட்டுமே பழையது.

புதுப்பிக்கும் செலவு ஒருமுறை, பராமரிப்போ ஆண்டுதோறும். பதினான்கு சிலிண்டர் பிஸ்டன் எஞ்சினைக் கைப்பழக்கத்தால் அறிந்த மெக்கானிக்குகள் அருகிவருகின்றனர். அருங்காட்சியகத்தில் நிறுத்திவிட்டால் செலவு குறையும் என்பது உண்மையே. ஆயினும், அவர்களிடம் இளையோர் தொழில் பயில அரசு தனி நிதி ஒதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.