பல் அடைப்புப் பொருள்களில் கிருமிநாசினிக் குணம்: ஒரு வளர்ச்சி வரலாறு

சொத்தையைச் சுரண்டி எடுத்து அக்குழியை அடைத்துவிட்டால் பல்லின் வியாதி தீர்ந்தது என்ற நம்பிக்கை வைத்தியர்களிடமும் நோயாளிகளிடமும் நெடுங்காலம் இருந்து வந்தது. ஆயினும், அடைத்த பல்லைச் சில வருஷங்கள் கழித்துத் திறந்து பார்க்கும்போது, அடைப்பும் பல்லும் சந்திக்கும் விளிம்பிலே தொடங்கிய புதிய சொத்தை அடைப்பின் அடியில் பரவியிருப்பதைக் காண்பது பல் வைத்தியத்தில் இன்றும் சர்வசாதாரணமான அனுபவம். அந்த விளிம்பிலுள்ள இடைவெளி கண்ணுக்குப் புலப்படாதபடி சில மைக்ரான் அகலமே உடையதாக இருக்கலாம்; எனினும் சொத்தையை விளைவிக்கும் கிருமிகளுள் முதன்மையான ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸின் குறுக்களவு ஒரு மைக்ரானுக்கும் குறைவாதலால், அச்சந்து அதற்கு ராஜபாட்டையாகவே அமைந்துவிடுகிறது. அடைப்புப் பொருள் குழியை நிரப்புவதோடு நில்லாமல் கிருமியையும் எதிர்க்க வேண்டும் என்ற நோக்கம் எவ்வாறு தோன்றி, இடையிலே மறைந்து, மீண்டும் தலையெடுத்தது என்பதே இக்கட்டுரையின் பொருள். அந்தச் சக்தி பொருளுக்கு இல்லாதிருந்த காலங்களிலெல்லாம் அதனால் வந்த நஷ்டத்தை நல்ல பல்லே ஏற்க நேர்ந்தது என்பதை இவ்வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

சொத்தைக்குக் காரணம் கிருமியே என்பதைச் சாஸ்திர ரீதியாக விளக்கியவர் பெர்லின் நகரில் பேராசிரியராயிருந்த அமெரிக்கர் வில்லபி மில்லர். ராபர்ட் காக்கின் கிருமியியல் முறைகளைக் கற்று அவற்றை வாய்க்குள் பிரயோகித்த இவர், உணவிலுள்ள சர்க்கரையையும் மாப்பொருளையும் கிருமிகள் புளிக்கவைத்து அமிலமாக்குகின்றன என்றும், அவ்வமிலமே பல்லின் சுண்ணாம்புச் சத்தைக் கரைக்கிறது என்றும் நிறுவி, 1890இல் வெளிவந்த தமது ஆங்கில நூலில் அதை விரிவாக எழுதினார். எந்தக் குறிப்பிட்ட கிருமி என்பதை அவர் சொல்லவில்லை. 1924இல் லண்டனில் கிளார்க் என்பவர் மியூட்டன்ஸைப் பிரித்தெடுத்துப் பெயரிட்டார். அந்தக் கண்டுபிடிப்பு ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்தது. 1954இல் ஆர்லண்டும் அவருடைய சகாக்களும், கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்த எலிகளுக்குச் சர்க்கரை எவ்வளவு கொடுத்தாலும் சொத்தை விழுவதில்லை என்று காட்டினார்கள். 1960இல் கீஸ், வெள்ளெலிகளிடையே இந்நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றுவதை நிரூபித்தார். அதன் பிறகே கிளார்க்கின் கிருமி மீண்டும் ஆராய்ச்சியாளரின் கவனத்துக்கு வந்தது.

மில்லரின் காலத்தில் வைத்தியர் கையிலிருந்த சிறந்த அடைப்பு, தங்கத் தகடும் பாதரசம் கலந்த அமால்கமுமே. தங்கம் கிருமிக்கு எவ்விதக் கேடும் செய்வதில்லை. அமால்கத்தின் சேர்மானத்தை 1890களில் ஒழுங்குபடுத்திய சிகாகோ நகரத்து ஜி. வி. பிளாக், அடைப்பு தானாக நோயைத் தடுக்காது என்பதை உணர்ந்திருந்தபடியால், குழியை நோய் கண்ட இடத்தோடு நிறுத்தாமல், நாக்கும் கன்னமும் உராய்ந்து இயல்பாகச் சுத்தப்படும் இடம் வரை நீட்டி வெட்ட வேண்டும் என்று விதித்தார். அமால்கம் பல்லோடு ஒட்டுவதில்லையாதலால், அது பிடித்து நிற்பதற்காகவும் குழியை உள்ளே அகலமாகக் குடைய வேண்டியிருந்தது. நோய் தடுப்பதற்காக நல்ல எனாமலை வெட்டி எறிவது என்னும் இம்முறை, அக்காலத்துப் பொருள்களை வைத்து நோக்கினால் நியாயமானதே. பிளாக்கைக் குறை கூறுவது சரியன்று. ஆனால் அவருடைய வடிவ இலக்கணம் இரண்டு மூன்று தலைமுறைகள் மாறாமல் பயிலப்பட்டதால் இழந்த பல்லின் அளவு கொஞ்சமல்ல.

கிருமியைக் கொல்லும் பொருள்கள் அக்காலத்தில் இல்லாமலும் இல்லை. செப்பு அமால்கத்தின் கிருமிநாசினிக் குணத்தை மில்லரே சோதித்துக் குறிப்பிட்டிருக்கிறார். செப்பு ஆக்சைடு கலந்த கறுப்புச் சிமெண்டு குழந்தைகளின் பால்பற்களுக்கு வெகுவாக உபயோகப்பட்டது. ஆனால் அது பல்லைக் கறுக்கச் செய்ததோடு, தன் அமிலத்தால் பற்கூழையும் எரிச்சலுக்கு உள்ளாக்கியது. துத்தநாக ஆக்சைடையும் கிராம்புத் தைலத்தையும் குழைத்த பசை வலியையும் கிருமியையும் ஒருங்கே தணித்தது. நம் வீடுகளில் பல்வலிக்குக் கிராம்பைக் கடித்துக்கொள்ளும் வழக்கத்தை அறிந்தவர்களுக்கு இதன் வாசனை அந்நியமாக இராது. எனினும் அப்பசை மெல்லும் பாரத்தைத் தாங்காது. தற்காலிக அடைப்புக்கே அது உரியதாயிற்று. 1917இல் பாஸ்டன் நகரத்துப் பெர்சி ஹோ, அம்மோனியா கலந்த வெள்ளி நைட்ரேட்டைச் சொத்தையின்மேல் தடவும் முறையைப் பரப்பினார். கிருமி செத்தது, பல்லும் கன்னங்கரேலென்று ஆயிற்று.

இவ்வரலாற்றிலே மிகவும் சிந்தனைக்குரிய அத்தியாயம், யாரும் திட்டமிடாமல் நேர்ந்ததாகும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல்லின் நிறத்தையொத்த சிலிகேட் சிமெண்டு முன்பற்களுக்கு வழக்கத்தில் வந்தது. அலுமினாவும் மணலும் சேர்ந்த கண்ணாடியைத் தூளாக்கிப் பாஸ்பாரிக் அமிலத்தில் குழைத்துச் செய்யப்பட்ட இச்சிமெண்டு, எச்சிலில் மெல்ல மெல்லக் கரைந்து, சில வருஷங்களில் தேய்ந்து குழிந்து கறை படிந்து போகும். பற்கூழுக்கும் அது நல்லதல்ல. இவ்வளவு குறைகள் நிரம்பிய அடைப்பைச் சுற்றி மட்டும் புதிய சொத்தை அரிதாகவே விழுகிறது என்பதை வைத்தியர்கள் கண்டு வியந்தார்கள். காரணம் என்னவெனில், கண்ணாடியை எளிதில் உருக்குவதற்காகச் சூளையிலே ஃபுளோரைடு உப்புகள் சேர்க்கப்பட்டிருந்தன. சிமெண்டு கரையும்தோறும் ஃபுளோரைடு வெளிப்பட்டு, அருகிலுள்ள எனாமலில் ஊறி, அமிலத்துக்கு எளிதில் இளகாத ஃபுளோரபடைட்டாக அதை மாற்றியது. கிருமி சர்க்கரையை அமிலமாக்கும் கிரியையில் வேண்டப்படும் ஈனோலேஸ் என்னும் நொதியையும் அது தடுத்தது. குடிநீரில் ஃபுளோரைடு சேர்க்கும் முயற்சி 1945இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் தொடங்கியபோது, பல் வைத்தியரின் அலமாரியில் அதே மருந்தைச் சுரக்கும் அடைப்பு பல்லாண்டுகளாகவே இருந்துகொண்டிருந்தது.

இந்தத் தற்செயலைக் குறிக்கோளாக மாற்றியவர்கள் லண்டனில் அரசாங்க இரசாயன ஆய்வுக்கூடத்தில் பணி செய்த ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் ஆவர். 1969இல் அவர்கள், சிலிகேட்டின் கண்ணாடித் தூளை வைத்துக்கொண்டு பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதிலாகப் பாலிஅக்ரிலிக் அமிலத்தைச் சேர்த்தார்கள். விளைந்த கிளாஸ் அயனோமர் சிமெண்டு, பல்லின் கால்சியத்தோடு தானே பிணைந்து ஒட்டியது, பற்கூழை வருத்தவில்லை, முதல் நாள் ஃபுளோரைடை மிகுதியாகவும் பின்னர் சிறுகச் சிறுகவும் வெளியிட்டதோடு, பற்பசையிலுள்ள ஃபுளோரைடை உறிஞ்சி மீண்டும் விடவும் செய்தது. ஒட்டும் பொருள் கிடைத்தபின் அகலக் குடைய வேண்டிய அவசியம் ஒழிந்தது. 1980களில் தான்சானியாவில், மின்சாரமும் துளைக்கருவியும் இல்லாத இடங்களில், கைக்கருவியால் மிருதுவான சொத்தையை மட்டும் வழித்தெடுத்து அடைக்கும் முறை உருவாகி, பின்னர் கிளாஸ் அயனோமரோடு இணைந்து, 1994இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆதரவையும் பெற்றது. ஆனால் கடைவாய்ப் பற்களின் மெல்லும் பாரத்துக்கு இச்சிமெண்டு போதிய வலிமை உடையதாக இல்லை.

வலிமையும் அழகும் வேண்டியவர்கள் வேறு வழி சென்றார்கள். 1955இல் புவனகோர், எனாமலைப் பாஸ்பாரிக் அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் பற்றிக்கொள்ளும் என்று காட்டினார். 1962இல் போவன் அமைத்த பிசின், இன்றைய காம்போசிட் அடைப்புகளுக்கு மூலமாயிற்று. பல்லென்றே மயங்கத்தக்க அழகுடைய இப்பொருள் இறுகும்போது சிறிது சுருங்குகிறது. அச்சுருக்கமே விளிம்பிலே சந்து ஏற்படக் காரணமாகிறது. கிருமியைத் தடுக்கும் எதையும் அது வெளியிடுவதில்லை. அதன்மேல் பற்படலம் மற்றப் பொருள்களைவிட மிகுதியாகப் படிகிறது என்று பல ஆராய்ச்சிகள் கூறுகின்றன. சிலிகேட்டில் கேளாமல் கிடைத்த பாதுகாப்பு இவ்வாறு கைநழுவிப் போயிற்று.

இழந்ததை மீட்க முதலில் எல்லோருக்கும் தோன்றிய யுக்தி, குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினியைப் பிசினில் கலந்துவிடுவதாகும். கலந்த மருந்து வெளியேறும் வரையில் பலன் இருந்தது. வெளியேறியபின் பலனும் போயிற்று, மருந்து இருந்த இடங்கள் வெற்றிடமானதால் அடைப்பின் உறுதியும் குன்றியது. ஒசாகா பல்கலைக்கழகத்தில் சதோஷி இமசாதோ என்பவர் 1990களில் இச்சிக்கலை வேறு கோணத்தில் அணுகினார். தொற்றுநீக்கிகளாக நெடுநாள் பயன்பட்டுவந்த குவாட்டர்னரி அம்மோனியம் வகையைச் சேர்ந்த மூலக்கூறு ஒன்றின் முனையில், பிசினோடு இணையும் மெத்தாக்ரிலேட் பகுதியைப் பொருத்தி, எம்.டி.பி.பி. என்னும் சேர்மத்தை உண்டாக்கினார். நேர்மின்னூட்டமுள்ள அதன் தலைப்பகுதி, எதிர்மின்னூட்டமுள்ள கிருமியின் சவ்வைத் தொட்டுக் குலைக்கிறது. இறுகுமுன் இது திரவமாகப் பரவி, குழியில் தப்பி நின்ற கிருமிகளைக் கொல்லும். இறுகியபின் பிசினின் சங்கிலியிலேயே கட்டுண்டு, எங்கும் கசியாமல், தன்மேல் ஒட்டவரும் கிருமியை மட்டும் தடுக்கும். இச்சேர்மம் அடங்கிய ஒட்டுப் பொருள் 2000களில் விற்பனைக்கும் வந்தது. அதே ஒசாகாவில்தான், 1960களில் நிஷினோ, யமாகா முதலியோர் வெள்ளியையும் ஃபுளோரைடையும் இணைத்த சில்வர் டயமின் ஃபுளோரைடை உருவாக்கினார்கள் என்பதும் குறிப்பிடத்தக்கது. ஹோவின் வெள்ளியைப் போலவே சொத்தையைக் கறுக்கச் செய்தாலும், துளைக்கருவியைக் கண்டு நடுங்கும் குழந்தைகளுக்கு அது பேருதவியாக விளங்குகிறது. 2014இல் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றது, ஆனால் பல்கூச்சத்தைத் தணிப்பதற்கானது என்ற பெயரில்.

பிணைக்கப்பட்ட கிருமிநாசினிக்கு ஒரு பெருந்தடை உண்டு. வாயில் வைத்த எந்தப் பொருளின்மேலும் சில நிமிஷங்களுக்குள் எச்சிலின் புரதங்கள் மெல்லிய படலமாகப் படிந்துவிடுகின்றன. தொட்டால் மட்டுமே கொல்லும் பொருளுக்கு இப்படலம் திரையாகி, அதன் வீரியத்தைக் குறைக்கிறது. சோதனை முறையிலும் ஒரு கோளாறு உண்டு. அகார்த் தட்டின் நடுவே பொருளை வைத்து, சுற்றிலும் கிருமி வளராத வட்டத்தை அளப்பது பழைய முறை. கசியும் மருந்துக்கே அவ்வட்டம் தோன்றுமாதலால், பிணைந்த பொருள் அதில் வலுவற்றதென்றே காணப்படும். வட்டத்தின் அகலம் சந்துக்குள் நடப்பதைப் பற்றி எதையும் சொல்வதில்லை. ஒரே மனிதரின் வாயில் ஒரு பக்கம் சாதாரணப் பிசினும் மறுபக்கம் புதிய பிசினும் வைத்து அடைத்து, இரண்டின் விளிம்புகளையும் வருஷக்கணக்கில் தொடர்ந்து பரிசோதிக்கும் ஆய்வுகளே, பிணைந்த பொருள் வாயில் சொத்தையைத் தடுக்குமா என்ற கேள்விக்கு விடையளிக்கவல்லவை. ஆய்வுக்கூடப் பரிசோதனைகளின் தொகையோடு ஒப்பிட்டால் அத்தகைய ஆய்வுகள் இன்னும் மிகச் சிலவாகவே இருக்கின்றன.