கல்லறைத் தோட்ட உயிரினங்கள், வெலிங்டன்

நீலகிரியில் குன்னூரை அடுத்த படைமுகாம் நகரம் வெலிங்டன். சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. 1850களில் பாசறை எழுந்த பிறகு, இப்பகுதியின் சோலைகளும் புல்வெளிகளும் தேயிலைக்கும் சீகை, தைல மரங்களுக்கும் பெரிதும் இடம்கொடுத்தன. உழவும் மருந்துத் தெளிப்பும் எட்டாத பழைய கல்லறைத் தோட்டங்களின் மதிப்பு இதனாலேயே கூடுகிறது.

இவற்றில் முதலில் கவனிக்க வேண்டியவை லைக்கன்கள். பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்கள் அவை. சமையலறைக் கல்பாசியும் இவ்வினமே. கல்லில் படர்பவை மிக மெதுவாக வளரும். கல்லறைக் கல்லில் ஆண்டு பொறித்திருப்பதால், அதன்மேல் படர்ந்த லைக்கனின் வயதுக்கு ஓர் உச்சவரம்பு கிடைத்துவிடுகிறது. ஆய்வாளருக்கு இது அரிய வாய்ப்பு. கல்லைப் பளிச்சென்று தேய்த்துக் கழுவுவது பல்லாண்டு வளர்ச்சியை ஒரே நாளில் அழிக்கும்; எழுத்து மறையாதவரை அதை விட்டுவைப்பதே நல்லது.

பறவைகளில், மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய நீலகிரிச் சிரிப்பானும் நீலகிரி ஈப்பிடிப்பானும் சோலையை விட்டு மரமடர்ந்த தோட்டங்களுக்கும் வரும். வெலிங்டன் சுற்றுவட்டாரத்தில் காட்டெருமைகள் மேய்வது வழக்கமான காட்சி. கல்லறைத் தோட்டங்களில் உண்ணிச்செடி போன்ற அயல் புதர்களை மட்டும் வேரோடு களைவது அவசியம்.