களனி கங்கையின் மேற்பகுதி: மீன் இறப்பும் நீர்த்தரமும்

களனி கங்கை இலங்கையின் மத்திய மலைநாட்டில் கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்னும் இரு கிளைகளாகத் தோன்றுகிறது. இரண்டும் கித்துல்கலைக்கு மேலே பொல்பிட்டியப் பக்கம் கூடுகின்றன. மொத்த நீளம் சுமார் 145 கிலோமீற்றர். அதில் கித்துல்கலை, எட்டியாந்தோட்டை, ருவன்வெல்லை வழியாகச் செல்லும் பகுதி சப்ரகமுவ மாகாணத்தின் கேகாலை மாவட்டத்துக்கு உரியது. வீ ஓயாவும் குருகொட ஓயாவும் இங்கே வந்து சேர்கின்றன. தெரணியகலைப் பக்கத்திலிருந்து இறங்கும் சீதாவக்கை கங்கை அவிசாவளைக்கு அருகில் கலக்கிறது. தாழ்வான சரிவுகளில் இறப்பர்த் தோட்டங்கள், உயரப் போகப்போகத் தேயிலை. இடையிடையே தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்களும் வயல்களும். ‘குவாய் ஆற்றுப் பாலம்’ என்ற 1957ஆம் ஆண்டின் ஆங்கிலத் திரைப்படம் கித்துல்கலையில் படமாக்கப்பட்டது. இன்று அவ்வூர் காற்றடைத்த படகுகளில் பாறைகளுக்கிடையே சவாரி போகிறவர்களாலும் விடுமுறை நாளில் குளிக்க வருகிறவர்களாலும் அறியப்படுகிறது.

இப்படிப்பட்ட ஆற்றில் மீன்கள் கூட்டமாகச் செத்து மிதந்தால், ‘காரணம் தெரியவில்லை’ என்ற செய்தியோடு விடயம் முடிந்துபோவது வழக்கம். அந்தக் காரணத்தில் பெரும்பாலும் மர்மம் ஒன்றும் இல்லை. மலையாற்று நீர் மணிக்குப் பல கிலோமீற்றர் நகரும். மீன் மிதப்பதைப் பார்த்துப் போத்தலில் நீர் எடுக்கும் நேரத்தில், கொன்ற நீர் அவிசாவளையைத் தாண்டியிருக்கும். எனவே நீரைவிட மீனையும் இடத்தையும் நேரத்தையும் வைத்தே காரணத்தை நெருங்க முடிகிறது.

எந்த இடம், எந்த நேரம், எந்த மீன்

25 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் நன்னீர் லீற்றருக்கு ஏறத்தாழ 8.3 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். இது 5 மில்லிகிராமுக்குக் கீழே நெடுநேரம் இருந்தால் மீன்கள் தளரும். 2க்குக் கீழே போனால் பெரும்பாலானவை சாகும். கித்துல்கலையின் பாறைத் துள்ளல்களில் நீரும் காற்றும் ஓயாமல் கலப்பதால் ஒட்சிசன் குறைவது அரிது. ஆகவே அந்தத் துள்ளல்களிலேயே மீன்கள் சாகுமானால் முதலில் நஞ்சையோ வெடியையோ சந்தேகிப்பது நியாயம். அதே சாவு சனவரி முதல் மார்ச் வரையான வறள் காலத்தில், அணைக்குப் பின்னாலோ மணல் அள்ளிய குழியிலோ தேங்கிய நீரில் நடந்தால் ஒட்சிசனைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

நேரமும் பேசும். பாசி பெருகிய நீரில் பகலெல்லாம் ஒட்சிசன் உண்டாகிறது, இரவு முழுக்க அது செலவாகிறது. விடியற்காலையில் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும் மீன்கள் அந்தக் கணக்கின் கடைசி வரி. ஒட்சிசன் குறைவில் பெரிய மீன்கள் முந்திச் சாகும். நஞ்சு குஞ்சு குருமான் என்று பார்ப்பதில்லை. விரால், தேளி போன்றவை மேலே வந்து காற்றையே சுவாசிக்க வல்லவை என்பதால் ஒட்சிசன் குறைவைத் தாங்கிவிடும். அவையும் சேர்ந்து செத்துக் கிடந்தால் நஞ்சு அல்லது நோய் என்று பொருள். வெடி வைத்துப் பிடித்த இடத்தில் மீனின் காற்றுப்பை கிழிந்திருக்கும், வயிற்றில் இரத்தம் கட்டியிருக்கும், சாவு ஒரு மடுவோடு நிற்கும். மருக்காரங்காய் போன்ற தாவர நஞ்சை அரைத்துக் கரைப்பதும் பழைய வழக்கம். அதிலுள்ள சபோனின் செவுள்களைக் கெடுக்கிறது. 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளச் சட்டம் வெடியையும் நஞ்சையும் கொண்டு மீன் பிடிப்பதைத் தடைசெய்கிறது.

இறப்பர்ப் பால்

கேகாலை நாட்டின் முதன்மையான இறப்பர் மாவட்டங்களுள் ஒன்று. வெட்டி எடுத்த பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இறப்பர், மீதி பெரும்பாலும் நீர். தோட்டத் தொழிற்சாலையில் பாலை மேலும் நீர் விட்டு இளக்கி, போமிக் அமிலம் சேர்த்து உறைய வைத்து, உருளையில் தகடாக்கிப் புகையூட்டுவார்கள். உறைந்த கட்டியை எடுத்தபின் தொட்டியில் மிஞ்சும் மங்கலான நீரில் புரதம், சர்க்கரை, அமிலம் எல்லாம் இருக்கும். சுத்திகரிக்காத நிலையில் அதன் உயிர்வேதி ஒட்சிசன் தேவை, அதாவது அதைச் சிதைக்க நுண்ணுயிர்கள் செலவிடும் ஒட்சிசன், லீற்றருக்கு ஆயிரம் மில்லிகிராமைத் தாண்டுவது சாதாரணம். உள்நாட்டு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு இலங்கையின் பொது எல்லை 30 மில்லிகிராம். இறப்பர்த் தொழிற்சாலைகள் மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தின் கீழ்தான் இயங்க முடியும்.

இக்கழிவு மீனைக் கொல்லும் விதம்தான் துப்பறிகிறவர்களை ஏமாற்றுகிறது. ஆற்றில் விழுந்த இடத்தில் மீன் சாவதில்லை. நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையையும் புரதத்தையும் தின்று பெருகி, ஒட்சிசனை எடுத்து முடிக்கச் சில மணி நேரமாவது வேண்டும். அதற்குள் நீர் பல கிலோமீற்றர் கீழே, ஓட்டம் தணியும் சமதரைக்கு வந்திருக்கும். அங்கேதான் மீன் மிதக்கிறது. பக்கத்தில் இருக்கும் வயல்காரரிடமோ கோழிப் பண்ணைக்காரரிடமோ விசாரணை நடக்கிறது.

பாலைக் கெடாமல் வைக்க அமோனியா சேர்க்கும் இடங்களில் இன்னொரு நுட்பம் உண்டு. நீரில் உள்ள மொத்த அமோனியாவில் அயனாகாத பகுதியே மீனுக்கு நஞ்சு. 25 பாகையில், பிஎச் 7 ஆக இருந்தால் அப்பகுதி நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. பிஎச் 9 ஆனால் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். புளிப்பான கழிவை நடுநிலையாக்கச் சுண்ணாம்பு கொட்டுகிறவர் கை மீறினால், அதுவரை அடங்கியிருந்த அமோனியா கொல்லத் தொடங்கும். நல்ல எண்ணத்தோடு செய்த வேலைதான்!

தேயிலைச் சரிவுகள்

பூச்சிக்கும் புல்லுக்கும் அடிக்கும் ‘மருந்து’, கொழுந்து மலையின் கான்கள் வழியாக முதல் பெருமழையோடு ஓடைக்கு வருகிறது. மீனுக்குக் கொடிய என்டோசல்பான் இலங்கையில் 1998இல் தடைசெய்யப்பட்டது. களைகொல்லியான கிளைபோசேற் 2015இல் தடைக்குள்ளாகி, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. கிளைபோசேற்றைக் காட்டிலும் அது இலையில் ஒட்டச் சேர்க்கும் சவர்க்காரத் தன்மையுள்ள பொருளே மீனுக்குக் கூடுதல் கேடு. பைரத்திராய்டு வகைப் பூச்சிகொல்லிகள் லீற்றருக்கு மைக்ரோகிராம் அளவிலேயே மீனைக் கொல்லும், சில நாளில் வண்டலில் ஒட்டி நீரிலிருந்து மறைந்தும் விடும். மழை பெய்த மணி, அதற்கு முன் எந்த மலையில் மருந்து அடித்தார்கள் என்ற தகவல் இரண்டும் ஆய்வுகூட அறிக்கைக்குச் சமமானவை. அவற்றைச் சொல்லக்கூடியவர்கள் மருந்து அடித்த தொழிலாளர்கள். அவர்களைக் கேட்கும் வழக்கம் விசாரணைகளில் குறைவு.

அணைகள்

களனியின் தலைப்பகுதி அடுக்கடுக்கான நீர்மின் திட்டங்களால் ஆளப்படுகிறது. லக்ஷபான மின்நிலையம் 1950இல் தொடங்கியது. காசல்ரீ, மவுசாகலை நீர்த்தேக்கங்கள் 1960களில் எழுந்தன. அண்மைய புரோட்லண்ட்ஸ் திட்டம் 35 மெகாவாட் திறன் கொண்டது. அது கித்துல்கலைக்கு மேலே நீரைச் சுரங்கவழியில் திருப்புகிறது. படகுச் சவாரி நடத்துகிறவர்கள் ஆற்றில் நீர் குறையும் என்று அதனை எதிர்த்துப் பேசினார்கள்.

மின்தேவையைப் பொறுத்து நீர்மட்டம் ஏறி இறங்கும் ஆற்றில், மட்டம் திடீரென்று விழும்போது கரையோரக் குழிகளில் குஞ்சுகள் மாட்டிக்கொண்டு வெயிலில் சாகும். ஆழமான தேக்கத்தின் அடிநீரில் ஒட்சிசன் அருகி, ஐதரசன் சல்பைட்டு சேர்ந்திருக்கவும் கூடும். அடிமதகைத் திறந்தால் அது கீழே வரும். ஆக, ஆலையோ மருந்தோ இல்லாத காட்டுப் பகுதியிலும் மனிதர் கையால் மீன் சாகலாம்.

கேரளத்தின் பெரியாறு இந்தச் சிக்கலுக்கு நல்ல சான்று. 2024 மே மாதத்தில் ஏலூர், எடையாறு தொழிற்பேட்டைக்கு அருகில் மீன்கள் பெருந்தொகையாகச் செத்தன. பாதாளம் தடுப்பணையின் மதகுகளைத் திறந்ததால் ஒட்சிசன் குறைந்த நீர் வந்ததே காரணம் என்றது மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். மீன்வள, கடலியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வோ அமோனியாவும் ஐதரசன் சல்பைட்டும் ஆபத்தான அளவில் இருந்ததாகக் காட்டியது. தேங்கிய கழிவு அடிநீரின் ஒட்சிசனைத் தின்று சல்பைட்டை உண்டாக்கும், மதகு அதை அவிழ்த்துவிடும் என்று எடுத்துக்கொண்டால் இரண்டு விளக்கங்களும் ஒன்றையொன்று வெட்டுவதில்லை. யார் பொறுப்பு என்பதில்தான் அவை பிரிகின்றன.

முதற்சந்தேகமே தவறிப்போவதும் உண்டு. போலந்துக்கும் செருமனிக்கும் நடுவே ஓடும் ஓடர் ஆற்றில் 2022 கோடையில் சுமார் 360 தொன் மீன் மடிந்தபோது முதலில் பாதரசம் என்ற பேச்சு எழுந்தது. பின்னர் பிரிம்னேசியம் பார்வம் என்ற உவர்நீர்ப் பாசியின் நஞ்சு என்று தெளிந்தது. உப்புக் கழிவு கலந்து, வறட்சியில் நீர் குறைந்ததால் நன்னீர் ஆறு அந்தப் பாசிக்கு இடம் கொடுத்திருந்தது.

நோய்

இலங்கைக்கும் அப்படி ஒரு புதிர் 1980களின் இறுதியில் வந்தது. நன்னீர் மீன்களின் உடலில் சிவந்த ஆழமான புண்கள் கண்டு அவை செத்தன. விரால் இனங்கள் மிகுதியாகப் பாதிக்கப்பட்டன. 1970களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அவுஸ்திரேலியாவிலும் தென்பட்டுத் தென்கிழக்காசியா வழியே பரவிய கொள்ளைப் புண்நோய் அது. இதற்கும் வைரசு, பற்றீரியா, பூச்சிகொல்லி என்று ஆண்டுக்கணக்கில் சந்தேகங்கள் சுற்றின. அபனோமைசசு இன்வாடன்சு என்னும் பூஞ்சை போன்ற நுண்ணுயிரே மூலகாரணம் என்பது 1990களில்தான் உறுதியானது. பெருமழைக்குப் பின் நீர் குளிர்ந்து புளிப்பேறும்போது அது தாக்கும். புண்ணோடு மிதக்கும் மீனைக் கண்டால் தொழிற்சாலையைக் குற்றம் சொல்லும் முன் இதை நினைக்க வேண்டும்.

இழக்கக்கூடியவை

களனியில் சாகும் மீன் திலாப்பியாவாக இருந்தால் இழப்பு ஒரு வேளைக் கறி. வேறாக இருந்தால் அப்படியல்ல. அசோகக் கெண்டை 1989இல் அறிவியலுக்கு அறிமுகமானது. அதன் வாழிடம் களனியின் இந்த மேற்பகுதியும் சீதாவக்கையும். 1991இல் விவரிக்கப்பட்ட பந்துலக் கெண்டை கேகாலை மாவட்டத்தில் கலப்பிட்டமடைக்கு அருகே, வயல்களுக்கும் இறப்பர்த் தோட்டங்களுக்கும் இடையே ஓடும் சின்னஞ்சிறு ஓடையில் இயற்கையாக வாழ்வது. உலகில் வேறெங்கும் அது கண்டறியப்படவில்லை. மிக அருகிய இனமாகப் பட்டியலிடப்பட்டுள்ளது. அந்த ஓடையில் ஒரு தெளிப்பான் கழுவிய நீர் போதும், ஓர் இனத்தின் கதை முடிந்துவிடும். அதைச் செய்தியாக்க மிதக்கும் மீன்கள் கண்ணில்படும் அளவுக்குப் பெரியவையும் அல்ல.

இரத்தினபுரி மாவட்டத்தின் களு கங்கையிலும் அதன் கிளைகளிலும் பிரச்சினையின் முகம் வேறு. மாணிக்கக்கல் குழிகளைக் கழுவிய சேறு நீரைக் கலக்கி, செவுள்களை அடைத்து, முட்டையிடும் கூழாங்கல் படுகையை மூடுகிறது. அங்கே மீன் மிதப்பதைவிடக் குறைந்து மறைவதே நடக்கிறது.

குளிக்கிறவரின் நீர்

மீன் சாகவில்லை என்பதால் ஆறு குளிக்க உகந்தது என்று கொள்ள முடியாது. லயன்களின் கழிப்பறைக் கழிவிலிருந்து வரும் கோலிவடிவ பற்றீரியாக்கள் மீனை ஒன்றும் செய்வதில்லை. எலிக்காய்ச்சல் கிருமியும் அப்படியே. சப்ரகமுவ இந்நோய் மிகுந்த மாகாணம். மலேசியாவின் சபா மாநிலத்தில் 2000இல் நடந்த சாகசப் போட்டியில் செகாமா ஆற்றில் நீந்திய வீரர்கள் பலர் ஊர் திரும்பியபின் இந்நோயால் படுத்தார்கள். பாறையில் உரசிய காயத்தோடு, வெள்ளம் வடிந்த கலங்கல் நீரில் படகோட்டுவது கித்துல்கலையிலும் அதே ஆபத்துத்தான். இலங்கையில் 2019இல் வெளியான சூழல் நீர்த்தர ஒழுங்குவிதிகள் குளிப்புக்கும் நீர் விளையாட்டுக்கும் உரிய நீரை ஒரு வகையாகவும், மீன் முதலான உயிரினங்களுக்கு உரிய நீரை இன்னொரு வகையாகவும் பிரித்து வைத்திருப்பது இதனால்தான்.

சான்று சேகரித்தல்

2015 ஓகஸ்டில் கீழ்க்களனியில் டீசல் கலந்தபோது அம்பத்தலையில் நீர் எடுப்பது உடனே நிறுத்தப்பட்டது. கொழும்பின் குடிநீரில் பெரும்பங்கு அங்கிருந்து போகிறது. மேலே தோட்டத்து ஓடையிலும் மக்கள் பீலி வைத்துக் குடிக்கிறார்கள், ஆனால் அங்கே மாசு கலந்தால் அந்த வேகத்தில் நடவடிக்கை வருவதில்லை. அங்கே முதல் சாட்சி தோட்டத்து மக்களே. மத்திய சுற்றாடல் அதிகாரசபைக்கோ நீரியல் வள ஆய்வு நிறுவனமான நாராவுக்கோ தகவல் போய் ஆள் வரும்வரை செய்யத்தக்கவை உண்டு. உயிர் ஊசலாடும் மீனை எடுத்துப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும். உறையவிட்டால் இழையங்கள் சிதைந்து நோய் தெரியாது. ஊதிப்போன மீனால் பயனில்லை. நீரைச் சாவு நடந்த இடத்தில் மட்டுமன்றி மேலேயும் கீழேயும், பூச்சிகொல்லிக்கென்றால் கண்ணாடிப் போத்தலில், எடுக்க வேண்டும். ஒட்சிசனைக் கொண்டுபோய் அளக்க முடியாது. கருவியால் அங்கேயே அளக்கலாம், அல்லது 1888இல் விங்கிளர் வகுத்த முறைப்படி, குமிழி விழாமல் நிரப்பிய போத்தலில் இரசாயனம் சேர்த்து அங்கேயே நிலைப்படுத்தி எடுத்துச் செல்லலாம். நேரத்தையும் இடத்தையும் மீனின் வகையையும் எழுதாத போத்தல் ஆய்வுகூடத்தில் வெறும் நீர்.