மூத்திரத்தோட போயிடுமா? – ஒரு கான்ட்ராஸ்ட் ஊசியின் வரலாறு

குழந்தைக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கப் போற அப்பா அம்மா வழக்கமா கேக்கிற கேள்வி: "இந்த ஊசியால ஒண்ணும் ஆகாதே சார்?" ரொம்ப வருஷமா கிடைச்ச பதில்: "ஒண்ணும் ஆகாதும்மா, ஒரு நாள்ல மூத்திரத்தோட போயிடும்." இந்தப் பதில் எங்கிருந்து வந்தது, எங்கே ஆட்டம் கண்டது? அதுதான் மக்களே இந்தப் பதிவு.

முதல்ல ஒரு பழைய கதை. 1930களில் எக்ஸ்ரே படத்துல ரத்தக்குழாய் பளிச்சுன்னு தெரியணும்னு தோரோட்ராஸ்ட் என்ற மருந்தை ஊசியில ஏத்தினாங்க. உள்ளே இருந்தது தோரியம் டை ஆக்சைடு. ஊசி போட்ட அன்னிக்கு யாருக்கும் பெருசா ஒண்ணும் ஆகலை. ஆனா அது கல்லீரல்லயே தங்கி கதிர்வீச்சை விட்டுக்கிட்டே இருந்தது. இருபது, முப்பது வருஷம் கழிச்சு கல்லீரல் புற்றுநோய் வந்தது. 1950கள் வரை அது புழக்கத்தில் இருந்தது.

நிற்க. எம்.ஆர்.ஐ.க்குப் போடுற காடோலினியத்துல கதிர்வீச்சு ஆபத்து கிடையாது. (தோரியம், காடோலினியம் ரெண்டுமே நம்ம மணவாளக்குறிச்சி மோனசைட் மணல்ல இருக்கு என்பது உபரித் தகவல் :-)) தனிம எண் 64. ஜோடி சேராத எலக்ட்ரான் ஏழு இருக்கிறதால காந்தத்தன்மை அதிகம். அது போய்ச் சேர்ற இடம் படத்துல வெள்ளையாத் தெரியும். மூளைக்கட்டியின் எல்லை தெளிவா தெரிய இதுதான் காரணம்.

சிக்கல் என்னன்னா, காடோலினியம் தனியா இருந்தா விஷம். அதோட அயனி கிட்டத்தட்ட கால்சியம் அயனி அளவு. அதனால கால்சியம் செய்ய வேண்டிய வேலைகளில் குறுக்கே நிக்கும். எனவே அதை ஒரு மூலக்கூறுக்குள்ள பூட்டி ஊசி போடுறாங்க. ஷெரிங் கம்பெனியின் மேக்னெவிஸ்ட் 1988இல் அமெரிக்காவில் அனுமதி வாங்கியது. வழக்கமான அளவு கிலோவுக்கு 0.1 மில்லிமோல். 20 கிலோ குழந்தைன்னா 4 மில்லி. சுமார் ஒன்றரை மணி நேரத்துல பாதி ரத்தத்தை விட்டுப் போயிடும். ஒரே நாள்ல 90 சதவீதத்துக்கு மேல மூத்திரத்துல வந்துடும். அந்தப் பதில் பிறந்தது இங்கேதான். மிச்சத்தைப் பத்தி பலரும் கவலைப்படலை.

முதல் அடி 2006இல். சிறுநீரகம் செயலிழந்தவங்க சிலருக்குத் தோல் கட்டையா இறுகி, கை கால் மடக்க முடியாமப் போச்சு. 1997லிருந்தே அமெரிக்காவில் பார்த்த நோய்தான், காரணம் புரியலை. ஆஸ்திரியாவின் தாமஸ் குரோப்னர் இந்த ஊசியைக் கை காட்டினார். அதுக்கப்புறம் சிறுநீரகத்தைச் சோதிச்சு ஊசி போட ஆரம்பிச்சாங்க, புது நோயாளிகள் மிக அரிதானாங்க. "சிறுநீரகம் நல்லா இருந்தா பயமில்லை"ன்னு எல்லாரும் பெருமூச்சு விட்டாங்க.

ரெண்டாவது அடி ஜப்பானிலிருந்து. டொமொனோரி காண்டாவும் குழுவினரும் 2014இல் ஒரு ஆய்வை வெளியிட்டாங்க. ஆறு தடவையோ அதுக்கு மேலயோ ஊசி போட்டுக்கிட்டவங்களை, ஊசி இல்லாமலே அத்தனை தடவை படம் எடுத்தவங்களோட ஒப்பிட்டாங்க. ஊசி போடுறதுக்கு முன்னாடி எடுத்த படத்திலேயே மூளையின் சில பகுதிகள் வெள்ளையா இருந்தன, அதுவும் முதல் கூட்டத்துக்குத்தான். அதுக்கு முன்னாடி இப்படித் தெரிஞ்சப்போ நோயோ கதிர்வீச்சு சிகிச்சையோ காரணம்னு நினைச்சிருந்தாங்க. 2015இல் மேயோ கிளினிக் பிரேதப் பரிசோதனையில் மூளைத் திசுவிலேயே காடோலினியத்தைக் கண்டது.

பூட்டுல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு துண்டைப் போர்த்தின மாதிரி, விலகலாம். இது நேர்கோட்டு வகை. இன்னொண்ணு மூடி போட்ட டப்பா. இது வளைய வகை. அதிகமாத் தங்கியது முதல் வகை. ஐரோப்பா 2017இல் அதில் பலவற்றை நிறுத்தி வைத்தது. அமெரிக்கா அதே வருஷம் எச்சரிக்கை மட்டும் சேர்த்தது. கூடுதல் கவனம் தேவைப்படுவோர் பட்டியலில் பலமுறை ஊசி போடுறவங்களும் கர்ப்பிணிகளும் இருந்தாங்க, குழந்தைகளும் இருந்தாங்க.

குழந்தைக்கு ஏன் தனிக் கவனம்? அஞ்சு வயசுல மூளைக்கட்டி வந்த பிள்ளைக்கு சில மாசத்துக்கு ஒரு தடவைன்னு வருஷக்கணக்கா படம் எடுப்பாங்க. மூளை வளர்ற வயசு. எழுபது வயசுக்காரருக்கு இல்லாத அறுபது வருஷம் அந்தப் பிள்ளைக்கு முன்னாடி இருக்கு. சிறுநீரகம் நல்லா இருக்கிறவங்களுக்கு மூளையில் தங்கிய காடோலினியத்தால் நோய் வந்ததா இதுவரை நிரூபணம் ஆகலை. ஆனா "கெடுதல் நிரூபணம் ஆகலை"ங்கிறதும் "கெடுதல் இல்லைன்னு நிரூபணம் ஆச்சு"ங்கிறதும் ஒண்ணு இல்லை. தோரோட்ராஸ்ட் கதையை முதல்ல சொன்னது அதுக்காகத்தான்.

என் அக்கா பையனோட ஃபைலைப் புரட்டினப்போ ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் "கான்ட்ராஸ்ட் கொடுக்கப்பட்டது"ன்னு ஒரே ஒரு வரி. எந்த மருந்து, எத்தனை மில்லி? ம்ஹூம். இப்ப அக்கா ஒரு நோட்டுல தேதி, மருந்துப் பேர், அளவு எல்லாம் குறிச்சு வைக்கிறாங்க. டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேளுங்க: இந்தத் தடவை ஊசி அவசியமா? வளைய வகையா? இதுவரை எத்தனை ஆச்சு? பாதி அளவிலேயே வேலை செய்யிற வளைய வகை மருந்தும் 2022இல் அமெரிக்காவில், ரெண்டு வயசுக்கு மேல் குழந்தைகளுக்கும் சேர்த்து, அனுமதி வாங்கியிருக்கு.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. இதைப் படிச்சிட்டு யாரும் ஸ்கேனை ரத்து பண்ணிடாதீங்க. கண்டுபிடிக்காம விட்ட கட்டி, இந்த ஊசியை விட ஆயிரம் மடங்கு பயங்கரம். பதிவர்களில் ரேடியாலஜி படிச்சவங்க இருந்தா பின்னூட்டத்துல வாங்க, பேசலாம்.